பூச்சி நூற்காத பட்டு

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டி இருக்கிறது சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர். அவ்வூர்த் தறிகளில் நெய்த ‘சின்னாளப்பட்டு’, அசல் பட்டுக்குக் கை எட்டாத எத்தனையோ குடும்பங்களின் விசேஷங்களை ஒப்பேற்றி வைத்தது. பெயரில் பட்டு உண்டே தவிர, அந்த நூலில் பட்டுப் பூச்சிக்குப் பங்கில்லை.

அந்த நூல் மரத்திலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? மரக் கூழைக் காஸ்டிக் சோடா முதலியவற்றில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, நுண்ணிய துளைகள் வழியே அமில நீரில் பிழிகிறார்கள். இழை இழையாக உறைந்துவிடுகிறது. நாம் இடியாப்பம் பிழிவதில்லையா, அந்த மாதிரிதான்! 1892-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த வழி இது. செயற்கைப் பட்டு என்று அழைத்துவந்ததற்கு 1924-ல் ரேயான் என்று பெயரிட்டார்கள்.

ரேயான் சேலை பளபளக்கும், வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் நனைந்துவிட்டால் ஏறக்குறையப் பாதி பலம் போய்விடும். காய்ந்த பிறகுதான் திரும்பும். ஆகவே அதைக் கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். அலசி, நிழலில் விரித்துப் போடுங்கள்.

இப்போது ‘ஆர்ட் சில்க்’ என்று கடையில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர். மூலப்பொருள் பெட்ரோலியம். ஈரத்திலும் பலம் குறையாது, கசங்காது, சீக்கிரம் உலரும். ஆனால் ரேயான் தன் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரத்தை ஏற்கும் இடத்தில், இது அரைப் பங்குகூட ஏற்காது. திண்டுக்கல் சித்திரை வெயிலில் இதைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பந்தலில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டு என்று சொல்லிப் பட்டு விலை கேட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜரிகை இல்லாத ஓரத்தில் ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். அசல் பட்டானால் முடி கருகும் வாடை வரும். கரி விரலில் பொடியும். ரேயான் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாக நிற்கும், நசுக்கினாலும் நசுங்காது.

அந்த மணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடுப்படியில் தலைப்பில் தீப் பிடித்தால் இதேதான் தோலில் உருகி ஒட்டுகிறது. அதற்காக ரேயானும் அடுப்புக்கு ஆகாது, அது குபீரென்று பற்றும். சமைக்கும்போது கெட்டிப் பருத்தியைக் கட்டி, தலைப்பை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். தப்பித் தவறிப் பற்றிவிட்டால் ஓடக் கூடாது. தரையில் புரள வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.