தெரியாமல் எழும்பிய சுவர் எது?

'தெரிந்தோ தெரியாமலோ செய்த பாவங்களை மன்னியும் ஆண்டவரே' என்று தவக்காலம்தோறும் முழந்தாளில் நிற்கிறோம். மனுசன் அறியாமல் தவறுவான், அதற்கும் மன்னிப்பு கேட்கத்தான் வேண்டும். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் இந்தத் 'தெரியாமலோ' என்ற சொல்லுக்குள் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் எதையெல்லாம் ஒளித்து வைக்கிறார்கள்?

திருச்சபைக்குள் சாதி பற்றிக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "அந்தக் காலம் அப்படிப்பா. பெரியவங்க தெரியாம செஞ்சிட்டாங்க. மன்னிச்சு விட்டுருங்க."

தெரியாமலா? சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. வடக்கன்குளத்தில் வேளாளரை ஒரு பக்கமும் நாடார் முதலான பிறரை மறுபக்கமும் நிறுத்த, கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரித்துக் கோயில் கட்டினார்கள். 1910இல் நடுச்சுவர் இடிக்கப்பட்டதும் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நம் பிணத்தைத் தள்ளி வைக்கவும் ஒரு சுவர் எழுப்பினார்கள். செங்கல் வாங்கி, சாந்து குழைச்சு, கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டுற சுவர் தெரியாம எழும்புமா?

சரி, தெரியாமல் செய்ததாகவே இருக்கட்டும். அவர்கள் தூக்கிப் பிடிக்கும் வேதம் என்ன சொல்கிறது? சபை முழுதும் அறியாமல் பாவம் செய்தால், அது தெரியவந்ததும் பலி செலுத்த வேண்டும் என்கிறது லேவியராகமம் 4ஆம் அதிகாரம். கடவுளுக்குரியதில் அறியாமல் தவறியவன்கூட ஆட்டுக்கடாவோடு தப்ப முடியாது; நட்டத்தை ஈடுகட்டி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கணும் என்கிறது அடுத்த அதிகாரம். துணிந்து செய்கிறவனுக்குப் பலியே கிடையாது என்கிறது எண்ணாகமம் 15.

2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதியைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் கொள்கை அறிக்கையில் சாதிப் பாகுபாட்டைச் சமூகப் பாவம் என்றே எழுதியது. தெரியவந்தாச்சு. ஈடு எங்கே? கூட்டித் தர வேண்டிய ஐந்தில் ஒரு பங்கு எங்கே?

தன்னை அறைந்தவர்கள் அறியாமல் செய்கிறார்கள் என்று இயேசுவே பரிந்து பேசவில்லையா, நீங்களும் மன்னியுங்கள் என்று நமக்கே உபதேசம் பண்ணுகிறார்கள். அப்படிப் பேசும் உரிமை அறையப்பட்டவருக்கு உண்டு. சுத்தியலைப் பிடித்தவனுக்கு எப்படி வந்தது? சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றவரும் அதே இயேசுதான்.

தோழர்களே, மாணவர்களே! பங்குப் பேரவையில், குருமடத்தில், மிஷன் கல்லூரிச் சேர்க்கையில், ஆசிரியர் நியமனத்தில், தேர் போகும் தெருவில், கல்லறைக் குழியில் கணக்குக் கேளுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் காதோடு சொல்லி முடிக்கிற சங்கதியல்ல இது. மன்னிப்பு வேண்டுமென்றால் சேரிக்கு வரட்டும். பறித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். பிறகு பேசலாம்.