அமைச்சரவையில் நாம் இல்லை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?



திங்கட்கிழமை புதிய அமைச்சரவை பதவியேற்றதில் இருந்து நம் ஊர் வட்ஸ்அப் குரூப்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு பக்கம், "நாங்கள் அப்பவே சொன்னோம், திசைகாட்டிக்குத்தானே போட்டீர்கள், இப்ப அனுபவியுங்கள்" என்று குரல் பதிவுகள். மறுபக்கம், "இனவாதம் பேசாதீர்கள், தகுதியைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்று பதில்கள். நேற்று ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்றவர்களிடமும் இதே பேச்சுத்தான். நெடுநாள் கூட்டாளிகள் இருவர் ஸலாம் சொல்லாமல் பிரிந்து போனதையும் பார்த்தோம். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

நடந்ததை முதலில் சரியாகச் சொல்லிக் கொள்வோம். 2024 நவம்பர் 18 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்னிலையில் 21 அமைச்சர்கள் சத்தியப்பிரமாணம் செய்தார்கள். ஜனாதிபதியோடு சேர்த்து 22 பேர். அதில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. தமிழர்கள் இருவர் இருக்கிறார்கள்: கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர், மகளிர் விவகார அமைச்சர் சரோஜா சாவித்திரி போல்ராஜ். அவர்கள் வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. வியாழக்கிழமை 29 பிரதியமைச்சர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் முனீர் முளப்பருக்குத் தேசிய ஒருமைப்பாடு கிடைத்தது. அதே நாள் பாராளுமன்றம் டொக்டர் ரிஸ்வி சாலியைப் பிரதி சபாநாயகராகத் தெரிவு செய்தது. செப்டெம்பரிலேயே மேல் மாகாண ஆளுநராக ஹனீப் யூசுப் நியமிக்கப்பட்டுவிட்டார்.

இந்த மூன்று பதவிகளையும் காட்டித்தான் "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நமது தரம் ஒன்பது மாணவி ஒருத்தி செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் வந்த பதவியேற்புப் படத்தைக் கொண்டு வந்து, "சேர், இதில் நம்மட ஆள் யாரு?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றதும், "அப்ப கெபினட்டில் என்ன செய்வாங்க?" என்றாள். பெரியவர்களும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

நாட்டின் கொள்கையைத் தீர்மானிப்பது அமைச்சரவை. அமைச்சரவைப் பத்திரம் அங்கேதான் வரும், அங்கேதான் விவாதிக்கப்படும், அங்கேதான் முடிவாகும். பிரதியமைச்சர் அந்த அறைக்குள் இருப்பதில்லை. தன் அமைச்சர் சொன்னதைச் செய்வது அவர் வேலை. பிரதி சபாநாயகர் சபையை நடத்துபவர். அந்தக் கதிரையில் இருக்கும்போது பக்கம் சார்ந்து பேசவே கூடாது. ஆளுநர் ஒரு மாகாணத்தோடு நிற்பவர். மூன்றும் கௌரவமான பதவிகள், வகிப்பவர்களுக்கு நமது வாழ்த்துகள். ஆனால் இவை அமைச்சரவை ஆசனத்துக்கு ஈடு என்று சொல்வது குடியுரிமைக் கல்விப் பரீட்சையில் புள்ளி கிடைக்காத விடை.

இனி மறுபக்கத்தின் தவறுக்கு வருவோம். "சுதந்திரத்துக்குப் பிறகு முஸ்லிம் இல்லாத முதல் அமைச்சரவை" என்று ஒரு பதிவு நூற்றுக்கணக்கில் பகிரப்படுகிறது. அது உண்மை இல்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச அமைத்த அமைச்சரவையிலும் முஸ்லிம் ஒருவரும் இருக்கவில்லை. அவர் அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றதும் ஒரு நவம்பர் 18 தான். பெரும்பான்மைச் சிங்கள மக்களின் வாக்கால் வென்றேன் என்று அங்கேயே சொன்னார். நமது வாக்கு அவருக்குப் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்த முறை நிலைமை வேறு. செப்டெம்பரில் நம்மில் பலர் சஜித்துக்குப் போட்டோம், உண்மைதான். ஆனால் நவம்பர் 14 இல் இந்த ஊரில் எத்தனை வீடுகள் திசைகாட்டிக்குப் போட்டன என்று எல்லோருக்கும் தெரியும். கண்டி மாவட்டத்தில் 12 ஆசனங்களில் 9 அவர்களுக்குப் போனது. அதில் நமது வாக்கும் இருக்கிறது. எதிரியிடம் கிடைக்காததையும், வாக்குப் போட்டவரிடம் கிடைக்காததையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பின்னதுதான் அதிகம் வலிக்கிறது. அதைக் கேட்கும் உரிமையும் பின்னதில்தான் அதிகம்.

அந்த 2019 அமைச்சரவையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசனம் தேவையா இல்லையா என்பதற்கான விடை அதற்குள் இருக்கிறது.

2020 ஏப்ரல் 11 இல், கொரோனாவால் மரணிப்பவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும் வந்தது. அந்த நேரம் அமைச்சரவையில் முஸ்லிம் இல்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்காவது ஜனாஸா குளிப்பாட்டிய அனுபவம் இருக்கவில்லை. கபன் துணி என்றால் என்ன, மண்ணில் வைக்கும்போது மகன் ஏன் குழிக்குள் இறங்குகிறான் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் வர்த்தமானி வந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. ஒரு முஸ்லிமின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க வேண்டி வந்திருக்கும். அது நடக்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய அமைச்சரவை வந்தது, அலி சப்ரி நீதி அமைச்சரானார். ஆசனம் நிரம்பியது. எரிப்பு நின்றதா? இல்லை. டிசம்பரில் 20 நாள் குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். இடையில் ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் வந்தபோது, நாம் எதிர்க்கட்சியில் இருந்து தெரிவு செய்து அனுப்பிய முஸ்லிம் உறுப்பினர்கள் பலர் அதே அரசாங்கத்துக்குக் கைதூக்கினார்கள். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த மாதத்தில்! 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோடுதான் வர்த்தமானி மாறியது. பிறகு ஓட்டமாவடிக்கு எத்தனை மணித்தியாலப் பயணம் போய் அடக்கினோம் என்பதை இங்கு சிலர் வீடுகளில் இன்னும் அழாமல் சொல்ல முடியாது.

ஆக, ஆசனம் காலியாக இருந்தபோது அந்த முடிவு நம்மைக் கேட்காமலே வந்தது. ஆசனம் நிரம்பிய பிறகும் அரை வருடம் தொடர்ந்தது. முதல் பாதியை மட்டும் சொல்பவர்கள் பழைய அரசியல்வாதிகளின் ஆட்கள். இரண்டாவது பாதியை மட்டும் சொல்பவர்கள் புதிய அரசாங்கத்தின் ஆட்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களைத்தான் காணோம்.

பழையவர்களைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். 2014 ஜூனில் அளுத்கம எரிந்தபோது அமைச்சரவையில் முஸ்லிம்கள் இருந்தார்கள், நீதி அமைச்சர் உட்பட. 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது நமது கண்டி மாவட்டத்தில் இருந்தே இரண்டு முஸ்லிம் அமைச்சர்கள் கெபினட்டில் இருந்தார்கள். அந்த இரவுகளில் நாம் பள்ளியில் விழித்திருந்தோம். அமைச்சர்களின் தொலைபேசிகள் வேலை செய்தன, பொலிஸ்தான் வரவில்லை. 2019 ஜூனில் அத்துரலியே ரத்தன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தபோது முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாக இராஜினாமா செய்தார்கள். அது ஒன்றுதான் ஆசனத்தை விட்டுவிட்டுச் செய்த நல்ல காரியம் என்று ஒரு மூத்தவர் சொன்னார். கசப்பான பேச்சு, ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை. வீதிக்குக் கொங்கிறீட்டும், தம் ஆட்களுக்குச் சிற்றூழியர் நியமனமும், திறப்பு விழாவுக்குப் பெயர்ப் பலகையும் கிடைத்தன. அவற்றை வாங்கியவர்கள் நாமும்தான்.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. 1947 முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்த ரி.பி. ஜாயா, கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்து வந்தவர். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சரானதால் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர்களும் பெருகினார்கள். இன்று இந்த ஊரில் பட்டதாரிகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (அவர் காலத்தில்தான் தரப்படுத்தலும் வந்தது. தமிழ் மாணவர்கள் அதை எப்படி அனுபவித்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.) பக்கத்து அக்குறணையின் ஏ.சி.எஸ். ஹமீத் வெளிவிவகார அமைச்சராகப் பல வருடங்கள் இருந்தார். இவர்கள் ஒருவரும் முஸ்லிம் கட்சியின் பேரில் போனவர்கள் அல்ல, தேசியக் கட்சிகளில் இருந்து போனவர்கள். தேசிய மக்கள் சக்தியும் தேசியக் கட்சிதானே?

அரசாங்கத்தின் பதில், இனம் மதம் பார்க்கவில்லை, திறமையை மட்டுமே பார்த்தோம் என்பது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் நம்பவில்லை. முஸ்லிம்கள் குறைவான மாத்தறையில் அர்கம் இல்யாஸைச் சிங்கள மக்கள் வாக்களித்து அனுப்பியிருக்கிறார்கள், அதே மாவட்டத்தில் சரோஜாவையும். இதெல்லாம் சிறிய விடயம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் இந்தத் திறமை வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 159 உறுப்பினர்கள், அதில் 18 பேர் தேசியப் பட்டியலில் கட்சியே விரும்பிப் போட்டவர்கள். அத்தனை பேரில் ஒரு முஸ்லிமாவது திறமை உள்ளவராகத் தெரியவில்லை என்றால் அது யாருடைய குறை? இடமும் இருந்தது. அரசியலமைப்பு 30 அமைச்சர்கள் வரை அனுமதிக்கிறது. சிறிய அமைச்சரவை நல்லதுதான், நாமும் கேட்டதுதான். 22 ஐ 23 ஆக்கினால் திறைசேரி இடிந்து விழாது.

"இனம் பார்க்கவில்லை" என்பது பெரும்பான்மைக்கு இலேசான வார்த்தை. பார்க்காமல் விட்டாலும் அவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 9.7 பேர் முஸ்லிம்கள். நம்மைப் பார்க்காமல் விட்டால் நாம் இல்லாமலே போகிறோம். திங்கட்கிழமை நடந்தது அதுதான்.

இனி அந்த மேசைக்கு என்னவெல்லாம் வரப் போகிறது? முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் திருத்த 2009 இல் நியமித்த குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் இழுபடுகிறது. இழுத்தவர்களில் நமது ஆண் அரசியல்வாதிகளும் இருந்தார்கள் என்பதை நமது பெண்கள் மறக்க மாட்டார்கள். 2024 இல் திருகோணமலையில் 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள், காது மறையும்படி துணி அணிந்தார்கள் என்று நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த உயர்தரப் பரீட்சை 2024 நவம்பரில் தொடங்கியது. நமது பிள்ளைகள் மண்டபத்துக்குள் என்ன துணியோடு போவது என்று இன்னும் நம்மிடம்தான் கேட்கிறார்கள். வக்பு, ஹஜ், ரமழான் விடுமுறை எல்லாம் ஏதோ ஓர் அமைச்சரின் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த அமைச்சர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருந்து, "கொஞ்சம் பொறுங்கள், இதை அவர்களிடம் கேட்டீர்களா?" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஊர்வலம், கடையடைப்பு என்று சில இளைஞர்கள் பேசுகிறார்கள். வேண்டாம். தோற்றுப்போனவர்கள் நமது கோபத்தில் குளிர்காயக் காத்திருக்கிறார்கள். அதேபோல், "இப்போது பேசினால் அரசாங்கத்துக்குக் கெட்ட பெயர்" என்று வாயைப் பொத்தவும் வேண்டாம். வாக்குக் கேட்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து இருந்த தோழர்கள், குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்றுதான் சொன்னார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

ஒரு கடிதம் எழுதலாம் என்று பள்ளி நிர்வாகத்தில் சிலரோடு பேசியிருக்கிறோம். நமது மாவட்டத்தில் இருந்து அமைச்சரான லால் காந்த அவர்களுக்கும், கண்டியின் மற்றைய தேசிய மக்கள் சக்தி உறுப்பினர்களுக்கும், பிரதி ஜனாதிபதி செயலகத்துக்கும். அமைச்சரவையில் ஒரு முஸ்லிமைச் சேருங்கள் என்று கேட்போம். யாரை என்று பெயர் சொல்ல மாட்டோம், அது அவர்களுடைய பொறுப்பு. அதுவரை முஸ்லிம்கள் சம்பந்தமான அமைச்சரவைப் பத்திரம் ஏதும் வந்தால், முனீர் முளப்பரையும் மற்றைய முஸ்லிம் உறுப்பினர்களையும் அழைத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்றும் எழுதுவோம். இழுத்தடிக்கப்பட்ட பெண்களுடைய விடயத்தில் பெண்களையே கேளுங்கள் என்றும் ஒரு பந்தி வேண்டும். அதைச் சேர்ப்பதா இல்லையா என்று நிர்வாகத்தில் இன்னும் இணக்கம் வரவில்லை. சேர்க்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

நாளை ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் கூடுகிறோம். பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது, கட்டாயம் வாருங்கள். ஸலாம் சொல்லாமல் போன அந்த இருவரும் வந்தால் சந்தோஷம். கடிதத்தைச் சிங்களத்தில்தான் எழுதப் போகிறோம். நமது சிங்களம் போதாது. சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுத்துப் பிழை பார்த்துத் தந்தால் பெரிய உதவி, இன்று இரவே இன்பொக்ஸில் சொல்லுங்கள்.