முந்திக் கட்டியவருக்கு முழு வரி! பிந்தி நின்றவருக்குத் தள்ளுபடி!

பிரிட்டனில் "கடன் வரி" படுத்திய பாடு

சர்க்கார் கேட்டது. ஒருவர் பயந்து, முதலில் வந்து பணம் கட்டினார். இன்னொருவர் கட்ட மறுத்து, கடைசிவரை நின்றார். முடிவில் யாருக்குச் சலுகை கிடைக்க வேண்டும்?

முதலில் வந்தவருக்குத்தான் என்று யாரும் சொல்வார்கள். பிரிட்டனில் நடந்தது வேறு. முதலில் வந்தவர் முழு வரி கட்டினார். நின்றவருக்குத் தள்ளுபடி!

சுமார் 50 ஆயிரம் பேரைப் பாதித்த விவகாரம் இது. அவர்கள் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்ல. கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் உண்டு. நர்சுகள் உண்டு. சமூக நல ஊழியர்களும் உண்டு. நிரந்தர வேலை இல்லாமல், காண்டிராக்ட் முறையில் உழைத்தவர்கள் இவர்கள்.

சம்பளம் கடனாக மாறிய கதை

காண்டிராக்ட் தொழிலாளர்கள் பலர் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி வைத்து, அதன் மூலம் கூலி வாங்கி வந்தார்கள். 2000-ம் ஆண்டில் ஒரு புதிய சட்டம் வந்தது. "நீங்கள் கம்பெனி நடத்துகிறவர்கள் போல் இருந்தாலும், உண்மையில் வேலைக்காரர்கள்தான். ஆகவே சம்பளக்காரரைப் போல வரி கட்டுங்கள்" என்றது அந்தச் சட்டம்.

தொழிலாளர்கள் குழம்பினார்கள். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கச் சிலர் வந்தார்கள். "எங்கள் திட்டத்தில் சேருங்கள். வரித் தொல்லை இல்லை. பெரிய வக்கீல்கள் பார்த்துச் சரி என்று சொன்ன திட்டம்" என்று ஆசை காட்டினார்கள்.

திட்டம் இதுதான்.

ஒருவருக்கு மாதம் 3,000 பவுண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,000 பவுண்டைச் சம்பளம் என்று கொடுப்பார்கள். அதற்கு மட்டும் வரி. 500 பவுண்டைக் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 1,500 பவுண்டை, வெளித்தீவு ஒன்றில் உள்ள டிரஸ்டு மூலமாகக் "கடன்" என்று கொடுப்பார்கள்.

கடன் வருமானம் அல்ல. ஆகவே அதற்கு வரி இல்லை!

அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். பெயர்தான் கடன். உண்மையில் அது உழைத்த கூலி.

சிலர் தெரிந்தே சேர்ந்தார்கள். சிலர் ஆசைப்பட்டுச் சேர்ந்தார்கள். "இந்த வழியில்தான் சம்பளம் தருவோம்" என்று ஏஜென்சிகள் சொன்னதால் சேர்ந்தவர்களும் உண்டு.

இருபது வருடக் கணக்கு ஒரே நாளில்

2016 மார்ச் 16-ந் தேதி பட்ஜெட்டில் சர்க்கார் ஓர் அறிவிப்புச் செய்தது. 2017-ல் அது சட்டம் ஆயிற்று. 1999 ஏப்ரல் 6-ந் தேதிக்குப் பிறகு வாங்கிய இப்படிப்பட்ட கடன், 2019 ஏப்ரல் 5-ந் தேதி பாக்கி இருந்தால், அவ்வளவும் அந்த ஒரே வருடத்தின் வருமானமாகக் கருதப்படும். இதுதான் "கடன் வரி".

பத்துப் பன்னிரண்டு வருடக் கூலியை ஒரே வருடத்தில் கொட்டினால் என்ன ஆகும்? நடுத்தர வருமானக்காரரும் அந்த ஒரு வருடம் பெரும் பணக்காரர் ஆகிவிடுவார். வரி விகிதம் 45 சதவீதம் வரை ஏறும்.

இன்னொரு சங்கடம். பிரிட்டனில் வரி இலாகாவுக்கும் கெடு உண்டு. கணக்குக் கொடுத்த 12 மாதத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டால், சாதாரணமாக 4 வருடத்துக்குள் புது வரி உத்தரவு போட வேண்டும். அசட்டையாகக் கணக்குக் கொடுத்தவருக்கு 6 வருடம். வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கு 20 வருடம். கெடு தாண்டினால் அந்த வருடக் கணக்கு மூடப்பட்டுவிடும்.

புதிய சட்டம் இந்தக் கெடுக்களைச் சுற்றிக்கொண்டு வந்தது. மூடிய வருடத்துக் கடனும் வரிக்குள் வந்துவிட்டது.

வீட்டை விற்க வேண்டுமோ என்று குடும்பங்கள் கலங்கின. இந்தத் திட்டங்களில் சம்பந்தப்பட்ட 10 பேர் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றி, வரி இலாகாவே தனி விசாரணை அமைப்புக்குத் தெரிவித்தது.

ராஜியாகப் போனவர்கள்

"2019-க்குள் ராஜியாக வாருங்கள். அந்தந்த வருட விகிதப்படி கட்டினால் கடன் வரி கிடையாது" என்று இலாகா அழைத்தது. பலர் போனார்கள்.

அவர்கள் கட்டிய பணம் இரண்டு வகை. விசாரணை நிலுவையில் உள்ள வருடத்துக்குக் கட்டியது, சட்டப்படி கேட்கக்கூடிய வரி. கெடு தாண்டி மூடிய வருடத்துக்குக் கட்டியதோ, "தானாக முன்வந்து கொடுத்த தொகை".

தானாக முன்வந்து! எதிரே கடன் வரி என்ற கத்தி தொங்கியது. அதற்குப் பயந்துதான் முன்வந்தார்கள்.

திரும்ப வந்தது யாருக்கு?

கூக்குரல் பலமாயிற்று. 2019-ல் சர் அமியாஸ் மோர்ஸ் என்பவரை விசாரிக்கச் சொன்னது சர்க்கார். இவர் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். அவருடைய அறிக்கை 2019 டிசம்பரில் வெளிவந்தது.

"2010 டிசம்பர் 9-ந் தேதிதான் இப்படிப்பட்ட கடனுக்கு வரி உண்டு என்ற நகல் சட்டம் வெளியாயிற்று. அதற்கு முந்திய கடனுக்குக் கடன் வரி போடக் கூடாது. அதற்குப் பிந்திய கடனிலும், 2016 ஏப்ரலுக்கு முன் வாங்கியதைக் கணக்கில் ஒளிக்காமல் காட்டியிருந்து, இலாகா சும்மா இருந்திருந்தால், அதையும் விட்டுவிட வேண்டும்" என்பது அவர் யோசனையின் சாரம். சர்க்கார் ஏற்றது. 11 ஆயிரம் பேர் கடன் வரியிலிருந்து முழுதும் தப்புவார்கள் என்று கணக்கிட்டது.

அப்படியானால், ஏற்கெனவே கட்டியவர்கள் கதி?

2020-ம் வருட நிதிச் சட்டம் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. 2016 மார்ச் 16 முதல் 2020 மார்ச் 11-க்கு முன் வரை ராஜியானவர்கள் மனுப் போடலாம். "தானாக முன்வந்து" கட்டியது திரும்ப வரும். தவணை பாக்கி இருந்தால் தள்ளுபடி. மனுவுக்குக் கெடு 2021 செப்டம்பர் 30.

கதவு திறந்தது. ஆனால் எல்லோரும் நுழைய முடியவில்லை.

இரண்டு நண்பர்களை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள். 2007-ல் ஒரே திட்டத்தில் சேர்ந்தார்கள். 2018-ல் இருவரும் ராஜியாகிப் பணம் கட்டினார்கள். ஒருவருக்கு இலாகா அந்த நாளிலேயே விசாரணை நோட்டீஸ் அனுப்பியிருந்தது. மற்றவருக்கு அனுப்பவில்லை. நோட்டீஸ் வராதவருக்குப் பணம் திரும்பியது. நோட்டீஸ் வந்தவருக்கு ஒரு பென்னியும் கிடையாது. அவர் கட்டியது சட்டப்படி உள்ள வரி!

செய்த காரியம் ஒன்று. பலன் இரண்டு. ஒரு காகிதம்தான் வித்தியாசம்.

பொறுத்தவர் பூமி ஆண்டார்

கதை அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் ரே மெக்கான் என்பவரிடம் மறுபடியும் ஒரு விசாரணை ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை 2025 நவம்பர் 26-ந் தேதி பட்ஜெட்டோடு வெளிவந்தது. புதிய ராஜித் திட்டம் வரும் என்று சர்க்கார் அறிவித்தது. பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பாதிக்கு மேல் குறையலாம்; சுமார் 30 சதவீதம் பேருக்கு முழுதும் தள்ளுபடி ஆகலாம் என்றது.

யாருக்கு இந்தச் சலுகை? இன்னும் ராஜியாகாதவர்களுக்கு! முன்பே ராஜியாகிக் கட்டி முடித்தவர்கள் இந்த விசாரணையின் வரம்பிலேயே இல்லை.

சர்க்கார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. உழைத்த கூலிக்கு வரி உண்டு. ஒரு பிரபல கால்பந்து கிளப்பின் வழக்கில், டிரஸ்டு வழியாகச் சுற்றிவிட்ட சம்பளமும் சம்பளம்தான் என்று 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. மாதாமாதம் ஒழுங்காக வரி கட்டிய நர்சும் ஆசிரியரும், "எங்களுக்கு யார் தள்ளுபடி தந்தார்கள்?" என்று கேட்கலாம். கட்டாமல் நின்றவர்களும் சுகமாக இருக்கவில்லை. வருடக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்தார்கள்.

ஆனால் கேள்வி அதுவல்ல. ஒரே தவறைச் செய்த இருவரில், சொன்ன சொல்லைக் கேட்டு முதலில் வந்தவர் ஏன் அதிகம் இழக்க வேண்டும்?

இன்றைக்குச் சலுகை நியாயம் என்றால், நேற்றுக் கட்டியவருக்கும் அது நியாயம்தான். அவருக்கு இல்லை என்றால், நாளைக்கு இலாகா "ராஜிக்கு வாருங்கள்" என்று கூப்பிடும்போது யார் போவார்கள்? "பொறுத்திருப்போம், பிறகு குறைப்பார்கள்" என்றுதான் நினைப்பார்கள். வரி வசூலுக்கு வேர் சட்டம் மட்டும் அல்ல. நம்பிக்கையும்தான்.

குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. சம்பளத்தைக் கடன் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ராஜியாகப் போனால், எந்த வருடத்துக்கு, எந்தச் சட்டப்படி, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

பிரிட்டனில் பணம் திரும்ப வந்ததும் காகிதத்தால்தான். வராமல் போனதும் காகிதத்தால்தான்.