கடைக் காற்றுக்கும் ஒரு தராசு வேண்டும்

வணிகர்களாகிய நாம் எதையும் எடை போட்டு வாங்கி, எடை போட்டு விற்பவர்கள். சரக்கில் ஈரம் உண்டா, கல் உண்டா, சாக்கு எடை கழித்தாயிற்றா என்று ஒவ்வொன்றையும் பார்க்கிறோம். ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கியது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை, பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் நாமும் நம் பணியாளர்களும் இழுக்கும் மூச்சுக் காற்றை மட்டும் அளந்து பார்த்ததில்லை. இப்போது அதற்கும் கையடக்கக் கருவி வந்துவிட்டது. ஒவ்வொரு கிளைச் சங்கமும் அதை வாங்க வேண்டும். அது காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் அப்படியல்ல. தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத அது, நுரையீரலின் அடிவரை செல்கிறது. மூச்சுக் கோளாறு மட்டுமல்ல, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது காரணமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்றில் உள்ள துகள் மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 2013இல் சேர்த்தது.

"இது ரோட்டுப் புகை சமாச்சாரம், மளிகைக் கடைக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம். மாலையானால் கல்லாவுக்குக் கீழே கொளுத்தி வைக்கிறோமே, அந்தக் கொசுவர்த்தியைப் பாருங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. புகை பிடிக்கக் கூடாது என்று பலகை மாட்டிய கடையில் இது நடக்கிறது! இதோடு ஊதுபத்தி, சாம்பிராணி, பின்கட்டில் ஓடும் டீசல் ஜெனரேட்டர் எல்லாம் சேர்கின்றன.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி அதன் மீது விழுகிறது. துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஆனால் இது முத்திரை போடாத தராசு என்பதை மறக்கக் கூடாது. துகளை இது நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒளியைக் கொண்டு மதிப்பிடுகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் துகள் உப்பி, எண் கூடுதலாகத் தெரியும். பருமனான தூசியை இது சரிவரப் பிடிக்காது. இது நமக்கு மிக முக்கியம். மிளகாய் வத்தல் மூட்டையைக் கொட்டும்போதும் மாவைச் சலிக்கும்போதும் எழும் தூசியில் பெரும்பகுதி பருமனானது. கருவி குறைவாகக் காட்டுகிறது என்பதற்காக, மூட்டை சுமப்பவரின் இருமலைப் பொய்யென்று சொல்லிவிடக் கூடாது. அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுக்க எந்தக் கருவியின் சாட்சியும் தேவையில்லை.

பிறகு எதற்குக் கருவி? ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு! 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வெளிக்காற்றுக்கு நம் நாட்டில் 2009இல் வகுத்த அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15தான். ஒரு நிமிடம் எண் ஏறியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கருவியைக் கல்லாவின் அருகே, மூக்கு உயரத்தில், விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். கடை திறந்தவுடன், பெருக்கும்போது, சுருள் கொளுத்திய பின், ஜெனரேட்டர் ஓடும்போது என ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். எந்த வேலையின்போது எண் தாவுகிறதோ, அந்த வேலையை மாற்றுங்கள். சுருளுக்குப் பதில் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கலாம். ஊதுபத்தியை வாசலருகே வைக்கலாம். ஜெனரேட்டர் புகைக்குழாயைக் கதவுக்கு எட்டாமல் திருப்பலாம். வெளியேற்றும் விசிறி ஒன்று பொருத்தலாம். மாற்றிய பின் மறுபடி அளந்தால் பலன் தெரிந்துவிடும்.

காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்க வருவோர் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். மூடிய அறைக்கு அது உதவும். நாள் முழுதும் திறந்து கிடக்கும் கடைக்கு வீண் செலவு.

"தாத்தா காலத்திலிருந்து இந்தத் தூசியில்தானே பிழைக்கிறோம்" என்பார் உண்டு. மூச்சு முட்டிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஒதுங்கிய பெரியவர்கள் நம் கடைத்தெருக்களில் இல்லையா? ஆளுக்கொரு கருவி தேவையில்லை. கிளைச் சங்கம் ஒரே வகையில் இரண்டு வாங்கி, முதலில் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்த்து, பின் கடைக்கு ஒரு வாரம் எனச் சுற்றுக்கு விடலாம். அடுத்த செயற்குழுவில் நிர்வாகிகள் இதைப் பொருளாக வைத்து முடிவெடுக்க வேண்டுகிறேன். சரக்கு கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். நுரையீரலை மாற்றிக் கொடுக்கும் மொத்த வியாபாரி எங்கும் இல்லை.