துப்பாக்கி வைத்திருப்பவரை யார் சோதிப்பது?

புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் திருச்சி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஏர்போர்ட் வந்துவிடும். அறந்தாங்கி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கமெல்லாம் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் அனுப்பாத தெரு குறைவு. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாலே போலீஸ் விசாரணை. பிறகு ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்று, பையைத் திற, கையைத் தூக்கு... அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டில்கூடக் கைப்பையில் இருந்தால் தப்பாது. யாரும் பெரிதாக முணுமுணுப்பதில்லை. முணுமுணுக்கவும் வேண்டாம்.

ஆனால் அதே வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரை யார் சோதிக்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. விமானப் போக்குவரத்து முழுக்க மத்திய அரசின் அதிகாரம். 1934-ம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதினியம் வந்துவிட்டது. கடத்தலுக்கென்று 2016-ல் தனிச் சட்டம். 1999 டிசம்பரில் காந்தகாருக்கு விமானம் கடத்தப்பட்ட பிறகு, மாநிலப் போலீஸ் பார்த்த காவல் வேலை 2000-லிருந்து படிப்படியாக மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம் போனது. எல்லாம் வெளியிலிருந்து வரும் ஆபத்தை நினைத்துச் செய்தவை.

2015 ஜூன் 10 இரவு கோழிக்கோடு கரிப்பூரில் நடந்தது வேறு கதை. அதுவும் திருச்சி மாதிரி வளைகுடாவை நம்பி ஓடுகிற ஏர்போர்ட்தான். விமான நிலையத் தீயணைப்பு ஊழியர்களுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் உடல் சோதனை பற்றி வாய்த் தகராறு. அது கைகலப்பானது. துப்பாக்கி வெடித்தது. செத்தவர் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர். ஆத்திரத்தில் சக வீரர்கள் ஏர்போர்ட்டிலேயே கண்ணாடிகளை உடைத்தார்கள். ஓடுதளம் பல மணி நேரம் மூடிக் கிடந்தது. வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. தீவிரவாதி யாரும் வரவில்லை. இரண்டு பக்கமும் சம்பளம் கொடுத்தது அரசாங்கம்தான்!

அந்த இரவில் இருந்த அத்தனை பேரும் வேலையில் சேரும்போது போலீஸ் விசாரணையைத் தாண்டி வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த விசாரணை கேட்பது "இவர் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா?" என்பதை. பத்து வருஷம் கழித்து அதே ஆள் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார், எத்தனை மாதமாக வீட்டுக்குப் போகவில்லை, கோபம் வந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் எப்படி இருக்கும்?

அதே 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி ஒருவர் விமானத்தை வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் போனார்கள். தலைமை விமானி உள்ளே வர முடியாதபடி தடுத்தது எது தெரியுமா? 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானியறைக்குப் போட்ட பலமான கதவு.

வீரர்களுக்கு மனநல ஆலோசனை இப்போது தரப்படுகிறது. நல்ல விஷயம். ஆனால் ஆலோசனை என்பது கேட்டு வருபவருக்கு. கட்டாயப் பரிசோதனை வேறு. விமானிக்கு உரிமத்தோடு மருத்துவச் சான்றும் காலாவதி ஆகிறது. ஆயுதம் வைத்திருப்பவருக்கும் அப்படி ஒரு தேதி இருக்கட்டும். தேறாதவருக்கு வேலை போகக் கூடாது, துப்பாக்கி மட்டும் கொஞ்ச நாள் போகட்டும். இல்லாவிட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? இன்னொன்று, ஆளைத் தடவிச் சோதிக்கிறவர் இடுப்பில் ஆயுதம் இருக்கவே கூடாது. ஆயுதம் வைத்திருப்பவர் பத்தடி தள்ளி நிற்கட்டும்.

"செலவு யார் தருவது?" என்று கேட்பார்கள். பயணிதான், ஏற்கெனவே தந்துகொண்டுதான் இருக்கிறார். 2021 ஏப்ரலில் பாதுகாப்புக் கட்டணத்தை உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய், வெளிநாடு போகிறவருக்கு 12 டாலர் என்று ஆக்கினார்கள். சவூதிக்குக் கூலி வேலைக்குப் போகிற மணமேல்குடிக்காரரும் டிக்கெட்டோடு சேர்த்து அதைக் கட்டுகிறார். அவருக்கு வீரர்களின் பெயரோ ரகசியமோ தெரிய வேண்டியதில்லை. போன வருஷம் திருச்சியில் எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேரிடமிருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கினார்கள் என்று இரண்டு எண்களை வருஷத்துக்கு ஒருமுறை வெளியிட்டால் போதும்.