கெமிஸ்ட்ரி படிச்சு என்ன பண்ணப் போறா?

பெங்களூரு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. ஊர்லேர்ந்து போன் வந்தா இப்போ ஒரே கேள்விதான்: "பொண்ணு கம்ப்யூட்டர் எடுக்கலையாமே?"

ஆமாங்க, எம்.எஸ்சி. கனிம வேதியியல்தான் வேணும்னு நிக்கிறா. நான் பி.காம். (பேலன்ஸ் ஷீட் தாண்டி ஒண்ணும் தெரியாது!) முதல்ல எனக்கும் வயித்தைக் கலக்கிச்சு. இன்ஜினியரிங் கடன்னா சட்டுனு கையெழுத்துப் போடற ஆசாமி நான்.

அவளே விளக்கினா. செல்போன் பேட்டரிக்குள்ள பெரும்பாலும் இருக்கறது லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு. அடுக்கடுக்கான படிகம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அடுக்குகளுக்கு நடுவுலேர்ந்து வெளியே போகும். நாம பேசப் பேசத் திரும்பி வரும். 1980ல இந்தப் பொருளைக் கொண்டுவந்த ஜான் குட்இனஃப் அப்போ ஆக்ஸ்போர்டு கனிம வேதியியல் ஆய்வகத் தலைவர். 2019ல நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டப்போ வயசு 97! அவ்வளவு தூரம் ஏன், இதே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல சி.என்.ஆர். ராவ் 1976லயே திடநிலை வேதியியலுக்குத் தனிப் பிரிவு தொடங்கிட்டார்.

சம்பளம் உடனே வராது. பிஎச்.டி.யும் சேர்த்தா ஏழெட்டு வருஷம். பேங்க்காரனா அதை மறைக்க மாட்டேன். ஆனா 'சீட் கிடைக்காதவங்க படிப்பு'ன்னு மச்சான் சொன்னதை மட்டும் ஒத்துக்க முடியலை. அதுவும் செல்போன்லயே சொல்றார்!

அட்மிஷன் பணம் கட்டியாச்சு.