சாபம் நீங்கிய பின் அகலிகை



சென்ற மாதம் ஓர் ஆலய மண்டபத்தில் அகலிகை வரலாற்றைச் சொல்லி முடித்தேன். கூட்டம் கலைந்தபின் முதிய அம்மையார் ஒருவர் தயங்கியவாறு அருகில் வந்தார். "ஐயா, சாபம் நீங்கிய பிறகு அகலிகை எப்படி வாழ்ந்தாள்? ஊரார் அவளோடு பேசினார்களா?" என்று வினவினார். பல ஆண்டுகளாக இக்கதையைச் சொல்லி வருபவன் நான். ஆயினும் அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. பிறகு அவரே மெல்லச் சொன்னார்: "புகுந்த வீட்டிலிருந்து என் மகள் திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தவறும் செய்யாதவள். ஆனால் கோயிலுக்கு வர மறுக்கிறாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்கிறாள்."

அம்மையார் கேட்ட அதே வினாவை 1943-இல் ஒரு சிறுகதையாசிரியர் எழுப்பியிருக்கிறார். புதுமைப்பித்தன் எழுதிய 'சாப விமோசனம்' என்னும் கதை அது. இராமபிரானின் பாதத்துகள் பட்டு எழுந்த அகலிகையின் பிற்கால வாழ்வே அதன் பொருள். கணவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆயினும் பிறர் பார்வை அவளைச் சுடுகிறது. இறுதியில், தீக்குளித்த செய்தியைச் சீதாபிராட்டியின் வாயிலாகக் கேட்டு அவள் உள்ளம் உடைகிறது. மீண்டும் கல்லாகிறாள்.

இராமபக்தர்கள் பலருக்கு இம்முடிவு வேதனை தரும். எனக்கும் தந்தது. புராணப் பெண்களின் பார்வையிலிருந்து கதை எழுதுவோர் நம் தெய்வங்களை இழிவுபடுத்துகின்றனர் என்று வருந்தும் அன்பர்களை நான் அறிவேன். பழித்துப் பேசுவதற்காகவே எழுதப்படுபவையும் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அவ்வாறு ஒதுக்கிவிடலாமா? அகலிகை பட்ட துயரம் மெய்யானது என்று நம்புகிறவரே, அதன்பின் அவள் என்ன ஆனாள் என்று கேட்க இயலும். அவ்வினாவில் அலட்சியம் இல்லை, அக்கறையே இருக்கிறது.

அக்கதையைப் படித்தபின் மூலநூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இதுகாறும் வேகமாகக் கடந்துபோன இடங்கள் கண்ணில் பட்டன. வால்மீகி முனிவரின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் தவம் இருக்குமாறு கௌதமர் சபிக்கிறார். இராமலக்ஷ்மணர் அங்கு வந்தபோது செய்தது யாது? இருவரும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்கினர்! அவளும் முறைப்படி அவர்களை உபசரித்தாள்.

கம்பநாடரோ அவளைக் கல்லாக்கி, திருவடித் துகளால் எழுப்புகிறார். ஆயினும் அவள் நெஞ்சில் குற்றம் இல்லை என்று விசுவாமித்திரரைக் கொண்டே கௌதமரிடம் சொல்ல வைத்து, அவளை ஏற்குமாறு வேண்டவும் செய்கிறார்.

மற்றோர் இடம் என்னை மிகவும் உருக்கியது. மிதிலையில் ஜனகரின் புரோகிதராக விளங்கிய சதானந்தர், அகலிகையின் மைந்தர். விசுவாமித்திரரைக் கண்டதும் அவர் ஆவலோடு கேட்பது தம் தாயைப் பற்றியே. என் அன்னையை இராமனுக்குக் காட்டினீர்களா, அவள் உபசரித்தாளா, தந்தையாரோடு சேர்ந்தாளா என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவுகிறார். ஊர் என்ன சொல்லும் என்று அம்மகன் அஞ்சவில்லை. நிறைந்த அரசவைச் சூழலிலும் தாயின் பெயரை மறைக்கவில்லை.

விடியற்காலையில் நினைக்க வேண்டிய ஐந்து கன்னியருள் முதற்பெயராக அகலிகையை வைத்திருப்பதும் நம் முன்னோரே. திரௌபதி, தாரை, மண்டோதரி ஆகியோரும் அவ்வரிசையில் உள்ளனர். ஒவ்வொருவரும் பெருந்துயர் கண்டவர். ஆகவே இப்பெண்களின் உள்ளத்தை எண்ணிப் பார்ப்பது இன்று புகுந்த புதுமை அன்று.

மறுகதைகளை அளக்க என்னிடம் ஓர் எளிய அளவுகோல் உண்டு. படித்து முடித்தபின் மூலநூலை நாடி மனம் செல்கிறதா? அங்குள்ள ஒரு பெண்ணின் கண்ணீர் முன்னினும் தெளிவாகத் தெரிகிறதா? ஆம் எனில், அக்கதையின் முடிவு நமக்கு உடன்பாடில்லாவிடினும், அதனால் நமக்கு நன்மையே.

அகலிகை மீண்டும் கல்லானாள் என்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் அவளைக் கல்லாக்கியது கௌதமரின் சாபம் மட்டுமன்று, சுற்றி நின்றோரின் பார்வையும் என்பதை மறுக்க இயலவில்லை.

அந்த அம்மையாரின் மகள் ஒருநாள் ஆலயத்துக்கு வரக்கூடும். அவளிடம் எவரும் எதுவும் வினவ வேண்டா. பிராகாரத்தில் சற்று நகர்ந்து, "வா அம்மா, இங்கே உட்கார்" என்று இடம் கொடுத்தால் போதும். சக்கரவர்த்தித் திருமகன் குனிந்து வணங்கிய பாதங்களை நினைவில் கொண்டோர்க்கு அஃது அரிதன்று.